அழுத்தக்கார வம்சம்

12.1.1998

வாலுவின் அப்பாவுக்கு,

வணக்கம். நாலு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பயப்பட வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் இல்லை. உங்கள் பிரஸ்ஸுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் "ஹலோ, ஹலோ" என்றீர்கள். நான் பேச ஆரம்பித்ததும் வைத்துவிட்டீர்கள். என் குரல்கூடப் பிடிக்காமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தேன்.

விஷயம் நம் மகளைப் பற்றியது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், பத்தொன்பது வயது முடிந்துவிட்டது, இன்னமும் எல்லோருக்கும் வாலுதான். ஆனால் கொஞ்ச நாளாக வாலுத்தனம் இல்லை. வகுப்பில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, திமிர் பிடித்த பெண் என்று அவளுடைய ஆசிரியை என்னை வரவழைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் என் பங்குக்குத் திட்டினேன். "அப்படியே உங்கப்பா மாதிரி அழுத்தம்" என்றும் சொன்னேன். சொன்னதை மறைக்க விரும்பவில்லை.

போன வாரம் காதுக்குள் ஒரே இரைச்சல் என்று அழுதாள். காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தத்தை அனுப்புகிறாள், என் பெண்ணின் விரல் அசையவே இல்லை. இரண்டு காதும் ஏறக்குறைய பாதிதான் கேட்கிறதாம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது காது மந்தமா?" என்று டாக்டர் கேட்டார். பரம்பரையாக வந்திருந்தால் அது என்னவென்று அவருக்குத் தெரியுமாம், ஆபரேஷனில் சரிசெய்யலாமாம். என் பக்கத்தில் யாருக்கும் இல்லை. எண்பது வயதிலும் பக்கத்து வீட்டுச் சண்டையை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிறவர் என் அப்பா. உங்கள் பக்கத்தில்? மாமாவிடம் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


19.1.1998

வாலு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. குழந்தை பயந்துபோயிருக்கிறாளா? அப்பா நினைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காதில் குறை கிடையாது. அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. "செவிடா? நம்ம வம்சத்துலயா? எவன் சொன்னான்?" என்று குதித்தார். எங்கள் ஆட்கள் அழுத்தக்காரர்கள், அவ்வளவுதான். ஊரில் எங்களுக்கு அந்தப் பெயர்தான் என்பது உனக்கே தெரியும். அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாமல் முப்பது வருஷம் ஆகிறது.

அப்பாவுக்கு அதில் ஒரு பெருமைகூட. என் கொள்ளுத்தாத்தா நீ இருக்கும் ஊரில் சர்க்கார் கச்சேரியில்தான் சேவகராக இருந்தாராம். மேலதிகாரிக்கே வணங்காதவராம். "துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, போங்கடான்னு வந்துட்டாரு" என்று நேரில் பார்த்தமாதிரி நடித்துக் காட்டினார்.

இது எதற்கும் உதவாது என்று தெரியும். தெரிந்ததை எழுதினேன்.

வாலு அப்பா


8.2.1998

வாலு அப்பாவுக்கு,

நான் பெரிய துப்பறியும் ஆளாகிவிட்டேன்! நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. காது நன்றாக இருக்கும் மாமாவிடம் எதற்காக இரண்டு தடவை கேட்க வேண்டும்? அந்த யோசனையில் இருந்தபோது, நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு ஆவணக் காப்பகத்துக் குமாஸ்தா வந்தார். மூக்குக்கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது. கடுகு அளவு திருகாணி அது. பூட்டிக்கொண்டே, "சார், ரொம்பப் பழைய கச்சேரி ரெக்கார்டெல்லாம் உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டேன். "எலி விட்டுவெச்சதெல்லாம் இருக்கும்மா, வந்து பாருங்க" என்றார்.

தொடர்ந்து மூன்று சனிக்கிழமை போனேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு பக்கமும் அப்பளம்போல உடைகிறது. முதல் சனி ஒன்றுமில்லை. இரண்டாவது சனி வேறு யாரோ ஒரு சேவகர் குதிரையைத் திருடிய கதை கிடைத்தது, அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுந்தேன். நேற்று, சேவகர் பதிவேடு 1908, பக்கம் 41. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், தெருப் பெயர், எல்லாம் இருக்கிறது! என்னையறியாமல் "கிடைச்சுட்டாரு!" என்று கத்திவிட்டேன். குமாஸ்தா பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

அவர் துண்டை உதறித் தோளில் போடவில்லை. அப்படியே எழுதி எடுத்து வந்தேன்:

"மணி அடித்தும் வருவதில்லை. மும்முறை எச்சரிக்கப்பட்டான். விளக்கம் கேட்டால் புன்னகை செய்கிறான். அகம்பாவி. இன்றோடு நீக்கம்."

மணி அடித்தும் வருவதில்லை. புரிகிறதா உங்களுக்கு? அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். கூடவே ஒரு குஷி. உங்கள் வீட்டுப் பெரியவர், நான் பார்த்தறியாதவர், தொண்ணூறு வருஷத் தூசிக்கு அடியிலிருந்து என் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. வாலு அந்தத் தாளைப் பிடுங்கி நாலு தடவை படித்தாள். "அம்மா, இவரையும் திமிர்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள். ஒரு மாதத்தில் நேற்றுதான் சிரித்தாள்.

வேலை போன பிறகு அவர் எங்கே போனார்? பிழைப்புக்கு என்ன செய்தார்? மாமாவை விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கேளுங்கள்.

வாலு அம்மா


17.2.1998

வாலு அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நீக்கம் என்ற இடத்தில் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பிறகு அவராகவே வந்து, "அந்தப் பொண்ணு இவ்வளவு தூரம் போய்த் தேடுச்சா?" என்று கேட்டார். அதற்கப்புறம் நிறுத்தவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உரக்கச் சொன்னார், நான் அவர் வாய்க்கு எதிரிலேயே உட்கார்ந்து பிரஸ் கழிவுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

கொள்ளுத்தாத்தா மர அறுவை மில்லில் சேர்ந்தார். தாத்தாவும் பன்னிரண்டு வயதில் அதே மில்லுக்குப் போனார். அப்பா மாவு மில். சித்தப்பா டீசல் என்ஜின் ரிப்பேர். நான் அச்சு மெஷின். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நாலு தலைமுறையில் ஒருத்தனாவது ஒரு மேசைக்குப் பின்னால் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறானா!

சித்தப்பா சண்டையையும் கேட்டேன். ஒரு கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க அப்பாவைக் கூப்பிட்டாராம், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம். இது சித்தப்பா கட்சி. "அவன் கூப்பிடவே இல்ல. அதுக்கப்புறம் நான் மானம் கெட்டுப்போய் அவன் வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டேன், உள்ள இருந்துகிட்டே அவன் வரல" என்பது அப்பா கட்சி.

அறுவை மில்லில் எடுத்த போட்டோ ஒன்று பெட்டியடியில் கிடைத்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்து மூன்றாவது ஆள் தாத்தா. பத்திரம், இது ஒன்றுதான் இருக்கிறது.

நீ எழுதுவதைப் படிக்கப் படிக்க எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

வாலு அப்பா


26.2.1998

வாலு அப்பாவுக்கு,

போட்டோவைக் கடையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பதினொரு பேர். பத்துப் பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். உங்கள் தாத்தா மட்டும் பக்கத்து ஆளின் வாயைப் பார்க்கிறார். போட்டோக்காரர் என்ன சொன்னார் என்று அந்த உதட்டிலிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்! நீங்களும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சத்தியம் செய்வீர்கள்.

பதிவேட்டு நகல், போட்டோ, உங்கள் வேலைப் பட்டியல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "மில் சத்தத்துலதான் எல்லாருக்கும் காது போயிருக்கு, இல்லையா டாக்டர்?" என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அவர் சிரித்தார். "தலைகீழா சொல்றீங்கம்மா. காதுக்குள்ள அரிசியைவிடச் சின்னதா ஒரு எலும்பு இருக்கு. இவங்க பரம்பரையில அது இருபது முப்பது வயசுல இறுக ஆரம்பிக்குது. அமைதியான ரூம்லதான் இவங்களுக்குக் கஷ்டம். சத்தமான இடத்துல எதிர்ல இருக்கறவங்க தானா தொண்டையை உயர்த்துவாங்க. அங்கதான் இவங்களுக்கு மத்தவங்க மாதிரியே கேட்கும். அதனால அங்கேயே போய்ச் சேர்ந்திருக்காங்க" என்றார்.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நோயாளி வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

உங்கள் அம்மா இருந்தவரை தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். புதிதாக வந்த நான், இந்த வீட்டில் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். இப்போது தெரிகிறது, அத்தை கத்திக் கத்தித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார். அந்த வீட்டுக்கு வந்தவர்களில் மெதுவாகப் பேசியவள் நான் ஒருத்திதான்.

இப்போது நேராகக் கேட்கிறேன். உங்களுக்குக் கேட்கிறதா?

பிரஸ்ஸுக்கு நான் வரும்போதெல்லாம் மெஷின் நடுவில் நின்று ஆட்களோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் கல். எல்லோரிடமும் பேசுகிறார், என்னிடம்தான் பேச்சில்லை என்று வருஷக்கணக்காகக் குமைந்தேன்.

அந்தக் கடைசி மாலையையும் கேட்டுவிடுகிறேன். வாலு உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அதனால் மெதுவாகத்தான் சொன்னேன். "உங்களுக்கு நான் வேண்டாம்னா சொல்லிடுங்க, எங்க அப்பா வீட்டுக்கே போயிடறேன்." நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினீர்கள். சிரித்தீர்கள். "சரி, போயிட்டு வா" என்றீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாலு அம்மா


14.3.1998

வாலு அம்மாவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

கேட்காது. முப்பத்திரண்டு வயதிலிருந்தே சரியாகக் கேட்காது. முதலில் இடது காது, அப்புறம் இரண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. சின்ன வயதில் அப்பா எங்கள் முன்னால் செவிடன் என்ற வார்த்தையைச் சொன்ன விதம் எனக்குள் தங்கிவிட்டது. தெரிந்தால் மெஷினில் நிற்கவிட மாட்டார்கள் என்ற பயம் வேறு. புரியாத இடத்தில் சிரித்துவிடுவேன். சிரிக்கிறவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. கொள்ளுத்தாத்தாவைப் பற்றி 'புன்னகை செய்கிறான்' என்று பதிவேட்டில் இருந்ததை நீ எழுதி அனுப்பியிருந்தாய் அல்லவா, அதைப் பற்றி என் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத முடியவில்லை. அந்த மனிதர் ஏன் சிரித்தார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அன்று மாலை உன் தோளில் பை இருந்தது. வாலுவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறாய் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பேப்பர் படித்துக்கொண்டே காத்திருந்தேன். மறுநாள் உன் அண்ணன் வந்து, "நீங்களே போகச் சொன்னீங்களாமே" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். நீ போக முடிவுசெய்துவிட்டுப் பழியை என்மேல் போடுகிறாய் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்ன சொன்னாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் காது தெரிந்துவிடும். நாலு வருஷத்தை அதற்காகக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால் அப்பாவிடம் போய், என் காதைத் தொட்டுக் காட்டி, "எனக்குக் கேட்கலப்பா" என்று உரக்கச் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாவு மில்லை நிறுத்தினதுலேருந்து எனக்கும் யார் பேசறதும் விளங்கலடா" என்றார். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சித்தப்பாவுக்கு இன்று காலை எழுதிப் போட்டேன். உன் பதிவேட்டு நகலையும் அதில் வைத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

வாலு அப்பா


20.3.1998

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு, ஒரு வாடிக்கையாளருக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசற்படியில் தடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அழுதேன். கோபமும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கேட்கவில்லை, சரி. நான் வாயைத் திறந்து கேட்டேனா? நானும் நாலு வருஷம் ரோஷத்தில்தான் இருந்தேன். உங்கள் வம்சத்துக்குக் காது. எங்கள் வம்சத்துக்கு என்ன சாக்கு?

வாலுவிடம் சொன்னேன். "அப்பா என்கிட்ட பேசாம இருந்ததும் இதனாலயா?" என்று கேட்டு, என் மடியில் படுத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு எந்த வயதில் காது சோதனை என்று பட்டியல். முதலில் கல்யாணம் ஆகட்டும் என்றேன்.

ஏப்ரல் 6 அவளுக்கு ஆபரேஷன். முதலில் இடது காது. ஒரு மணி நேர வேலைதானாம், டாக்டர் தைரியமாக இருக்கிறார். உங்களையும் மாமாவையும் சித்தப்பாவையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அவருக்காக உங்கள் குடும்ப மரத்தைப் பெரிய அட்டையில் வரைந்து கொடுத்தேன். கேட்காதவர்களுக்குச் சிவப்பு மை. சுவரில் மாட்டிவைத்துவிட்டார்! "யார் வரைஞ்சது? இவ்வளவு சுத்தமா யாரும் குடுத்ததில்லை. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். மருமகள் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது.

வாலு அம்மா


30.3.1998

அன்புள்ள உனக்கு,

நேற்று நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்காததால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

சித்தப்பா வந்துவிட்டார். என் கடிதம் பழைய விலாசத்தில் சுற்றிவிட்டுத் தாமதமாகத்தான் போயிருக்கிறது, கிடைத்த அன்றே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார், எந்த பஸ் என்று யார் சொல்வதும் காதில் விழாமல் ஒரு நாள் சுற்றியிருக்கிறார். எழுபத்தொரு வயது. கதவைத் திறந்தேன், அப்பா எழுந்து நின்றார். இரண்டு பேரும் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"எப்படியிருக்க?" என்றார் அப்பா. சித்தப்பா சிரித்தார். சித்தப்பா ஏதோ கேட்டார், அப்பா சிரித்தார். என்னிடம் ஏதோ கேட்டார்கள், நானும் சிரித்தேன். மூன்று பேரும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! எனக்குத் திடீரென்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு பேரையும் கையைப் பிடித்து, வீட்டுக்குக் கீழே இருக்கும் பிரஸ்ஸுக்கு இழுத்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. பெரிய மெஷினின் சுவிட்சைப் போட்டேன்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"அன்னிக்குக் கல்யாணத்துல உன்னை எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா!" என்று சித்தப்பா கத்தினார்.

"எந்தப் பக்கத்துலேருந்து கூப்பிட்ட?"

"இடது பக்கம்!"

"அது எனக்கு எப்பவோ போச்சுடா!"

"எனக்கும்தான்!" என்று சித்தப்பா தன் காதை அடித்துக் காட்டினார். "அப்ப நீ என் வீட்டு வாசலுக்கு வந்தது நிஜமா?"

"அரைமணி நேரம் நின்னேன்டா, பாவி!"

அதற்கப்புறம் இரண்டு கிழவர்களும் மெஷின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அம்மா போனதை, சித்தி போனதை, தாத்தாவின் கோபத்தை, எல்லாவற்றையும். நானும் பேசினேன். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக என் அப்பாவோடு முழுதாக ஒரு பேச்சுப் பேசியிருக்கிறேன். சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். "மெஷின்ல பேப்பரே இல்லையே, என்னய்யா ஓட்டறீங்க?" என்றார். குடும்பப் பேச்சுவார்த்தை என்றேன். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஸ்டூல் எடுத்துப்போட்டுவிட்டுப் போனார்.

5ஆம் தேதி காலை பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்புகிறோம். மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுவோம். காதைக் காட்டத்தான் வருகிறோம், ஆபரேஷன் அறை வாசலில் வாலுவுக்காக உட்காரத்தான் வருகிறோம். வேறு எதையும் நான் கேட்கப்போவதில்லை. நீ ஏதாவது சொல்ல நினைத்தால் என் முகத்துக்கு எதிரில் நின்று சொல். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சிரிக்க மாட்டேன்.

உன்,
வாலு அப்பா


1.4.1998

அன்புள்ளவருக்கு,

இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டுமே என்று தபால் நிலையத்திலேயே நின்று எழுதுகிறேன்.

மூன்று பேரும் நம் வீட்டிலேயே தங்கலாம். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் முன்னறையில் இரண்டு கட்டில் போட்டாகிவிட்டது. உங்களுக்கு எங்கே என்று வாலு கேட்டாள். வரட்டும் என்றேன். இந்தக் கடிதத்தில் அதற்குமேல் என்னால் சொல்ல முடியாது. நாலு வருஷம் தனியாகக் குடும்பம் நடத்தியவள், எனக்கும் சில பழக்கங்கள் வந்துவிட்டன. பேசித்தான் பார்க்க வேண்டும். பேசலாம், நிறையப் பேசலாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். அங்கே இருக்கிற இரைச்சலுக்கு உங்கள் மூன்று பேருக்கும் நன்றாகவே கேட்கும். ஒரே ஒரு சங்கடம். கல்யாணமான நாளிலிருந்து உங்களை "என்னங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என்னங்க என்றால் ஐம்பது ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பெயரைச் சொல்லியே கூப்பிடப்போகிறேன். கடையில் யாரும் இல்லாத நேரத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதலில் வாய் வரவில்லை. இன்று காலை நன்றாக, அடிவயிற்றிலிருந்து, தெருவரைக்கும் கேட்கிற மாதிரி வந்துவிட்டது.

உங்கள்,
வாலு அம்மா